மாடியில் டேங்க், கையில் போன்: வேலூர் வீட்டுத் தோட்டத்துக்குத் தானாகத் தண்ணீர் பாய்ச்ச ஒரு வழிகாட்டி

போனிலேயே தோட்டத்துக்குத் தண்ணீர் விடலாம் என்று கேள்விப்பட்டதும் பலரும் முதலில் செய்வது ஒரு ஸ்மார்ட் டைமரை ஆர்டர் போடுவதுதான். பெட்டி வீட்டுக்கு வந்த பிறகே குழாயில் மரை பொருந்தவில்லை, தண்ணீரில் விசை போதவில்லை, வைஃபை பின்கட்டுவரை எட்டவில்லை என்று ஒவ்வொன்றாகத் தெரியவரும். அதனால் இந்தக் கட்டுரையில் ஆப் பாதிக்கு மேல்தான் வரும். அதற்கு முன் செய்யவேண்டிய வேலை நிறைய இருக்கிறது. அதைச் சரியாகச் செய்துவிட்டால் ஆப் வேலை ஒரு சாயங்காலத்தில் முடிந்துவிடும்.

இந்தக் கருவிகளில் பெரும்பாலானவை, குழாயில் நாள் முழுக்க 3 பார், 4 பார் அழுத்தத்தில் தண்ணீர் வரும் ஊர்களை மனதில் வைத்துச் செய்யப்பட்டவை. நம் ஊர்க் கதை வேறு. சாமி இல்லாத கோயில், ராஜா இல்லாத கோட்டை, தண்ணீர் இல்லாத ஆறு என்று வேலூரைப் பற்றி ஒரு வசனம் உண்டு. சாமி 1981-ல் ஜலகண்டேஸ்வரர் கோயிலுக்குத் திரும்பிவிட்டார். பாலாறும் 2021 நவம்பரில் கரைபுரண்டு ஓடிக் காட்டியது. ஆனால் வருடத்தில் பெரும்பாலான நாள் நமக்கு போர் தண்ணீர்தான். மோட்டார் போட்டு மாடி டேங்கில் ஏற்றி, அங்கிருந்து தன் எடையில் இறங்கி வருகிற தண்ணீர். காவிரிக் கூட்டுக் குடிநீர் வரும் வீடுகளிலும் அதைச் செடிக்கு விட யாருக்கும் மனம் வராது. ஆகவே இங்கே தொடங்கவேண்டிய இடம் டேங்க்.

டேங்க் எவ்வளவு உயரத்தில் இருக்கிறது?

டேங்கின் அடிமட்டத்துக்கும் செடி இருக்கும் இடத்துக்கும் எத்தனை மீட்டர் வித்தியாசம் என்று அளந்துகொள்ளுங்கள். ஒரு மீட்டருக்கு ஏறக்குறைய 0.1 பார். தரைத்தளம் மட்டும் உள்ள வீட்டில், மாடிப்படி அறையின் மேல் டேங்க் இருந்தால், கீழே வாசல் குழாயில் 0.5 பார் கிடைக்கும். மேலே இன்னொரு தளம் இருந்தால் 0.8 வரை வரும். மாடித் தோட்டம் என்றால் நிலைமை மோசம். டேங்கும் தொட்டிகளும் கிட்டத்தட்ட ஒரே தளத்தில் இருப்பதால் 0.1 அல்லது 0.2 பார்தான்.

இந்த எண்தான் மற்ற எல்லாவற்றையும் தீர்மானிக்கும். புல்தரைக்கு நடுவிலிருந்து எழும்பிச் சுற்றிச் சுற்றித் தெளிக்கும் ஸ்பிரிங்களருக்கு 2 பார் அளவுக்கு அழுத்தம் வேண்டும். டேங்க் தண்ணீரில் அது தலையைக்கூடத் தூக்காது. பூஸ்டர் பம்ப் வைத்தால் ஓடும். ஆனால் கத்திரி வெயிலில் 40 டிகிரியைத் தாண்டுகிற ஊரில், தெளிக்கிற தண்ணீரில் ஒரு பங்கு மண்ணைத் தொடாமலேயே காற்றோடு போய்விடும். இங்கே வீட்டுப் புல்தரையே அவசியமா என்ற சந்தேகம் எனக்கு எப்போதும் உண்டு. காய்கறி, பூச்செடி, தொட்டி எல்லாவற்றுக்கும் சொட்டுநீர்தான் சரி. ஆப்பில் ‘ஸ்பிரிங்களர்’ என்று எழுதியிருந்தாலும் கவலை வேண்டாம். ஆப் திறந்து மூடுவது வால்வைத்தான். அதற்குப் பிறகு தெளிப்பான் இருக்கிறதா, சொட்டுக் குழாய் இருக்கிறதா என்பது அதற்குத் தெரியாது.

டேங்க் பக்கம் போயிருக்கும்போதே இன்னொன்றையும் கவனியுங்கள். வீட்டுக்குப் போகும் அதே குழாயிலிருந்து தோட்டத்துக்கும் கிளை எடுக்காமல், டேங்கில் தனியாக ஒரு துளை போட்டுத் தோட்டக் குழாயை எடுப்பது நல்லது. அந்தத் துளை டேங்கின் அடியில் இல்லாமல், கால்வாசி உயரத்துக்கு மேல் இருக்கட்டும். என்றைக்காவது வால்வு மூடாமல் நின்றுபோனாலும் அந்த மட்டத்துக்குக் கீழே உள்ள தண்ணீர் வீட்டுக்கு மிஞ்சும். காலையில் குளிக்கப் போனவர் சோப்போடு நிற்கவேண்டி வராது. அழுத்தத்தைக் கணக்குப் பார்க்கும்போது மட்டும் டேங்க் அடிமட்டத்துக்குப் பதிலாக இந்தத் துளையின் உயரத்தை எடுத்துக்கொள்ளுங்கள்.

எவ்வளவு தண்ணீர் போகிறது என்று ஒருமுறை அளந்துவிடுங்கள்

கடையில் டிரிப்பர் (ஒவ்வொரு செடிக்கும் தண்ணீரைச் சொட்டவிடும் சின்ன முனை) வாங்கும்போது 2 லிட்டர், 4 லிட்டர், 8 லிட்டர் என்று கேட்பார்கள். ஒரு மணி நேரத்துக்கு அது விடும் அளவு அது. அதுவும் 1 பார் அழுத்தத்தில். நம் டேங்க் தண்ணீரில் அந்த அளவு வராது. அழுத்தம் கால் பங்காகக் குறைந்தால், சாதாரண டிரிப்பர் விடும் தண்ணீர் பாதியாகிவிடும். 4 லிட்டர் என்று வாங்கியது 0.25 பாரில் 2 லிட்டர்தான் சொட்டும். பெட்டியில் உள்ள எண்ணை ஆப்பில் அப்படியே போட்டால் செடி பாதித் தண்ணீரில் நிற்கும்.

அளப்பது சுலபம். லைனில் முதல் டிரிப்பருக்குக் கீழே ஒரு பாட்டில், கடைசி டிரிப்பருக்குக் கீழே ஒரு பாட்டில் வையுங்கள். சரியாக 15 நிமிடம் தண்ணீர் விட்டு, வந்ததை நான்கால் பெருக்குங்கள். அரை லிட்டர் நிரம்பியிருந்தால் மணிக்கு 2 லிட்டர். முதலுக்கும் கடைசிக்கும் கொஞ்சம் வித்தியாசம் இருக்கத்தான் செய்யும். கடைசி பாட்டிலில் பாதிகூட இல்லையென்றால் லைன் மிக நீளம் என்று பொருள். அதை இரண்டாகப் பிரியுங்கள். கிடைத்த எண்ணைச் சுவரிலேயே எழுதி வைத்துவிடுங்கள். பிறகு ஆப்பில் எத்தனை நிமிடம் என்று யோசிக்கும்போது இதுதான் கைகொடுக்கும்.

அழுத்தம் கூடக்குறைய இருந்தாலும் ஒரே அளவு தண்ணீர் விடும் ‘பிரஷர் காம்பன்சேட்டிங்’ டிரிப்பர் என்று கொஞ்சம் விலை கூடுதலாக ஒன்று கிடைக்கும். மேடுபள்ளமான கொல்லைக்கு அருமையான பொருள். ஆனால் அது ஒழுங்காக வேலைசெய்யவே ஓரளவு அழுத்தம் வேண்டும். மாடித் தோட்டத்துக்கு அதை வாங்காதீர்கள்.

வால்வு வாங்குவதில்தான் பணம் வீணாகும்

மூன்று வகை இருக்கிறது.

முதல் வகை சோலனாய்டு வால்வு. பெரிய தோட்டத்துக்கு, அதைப் பல பகுதியாகப் பிரித்துத் தனித்தனி வால்வு வைக்க, 24 வோல்ட்டில் ஓடுவது. ரெயின் பேர்டு, ஹன்டர் போன்ற நிறுவனங்களின் வைஃபை கன்ட்ரோலர் சுவரில் இருக்கும், அங்கிருந்து ஒவ்வொரு வால்வுக்கும் ஒயர் போகும். இந்த வால்வுக்குள் ஒரு ரப்பர் சவ்வு இருக்கிறது. தண்ணீரின் அழுத்தத்தை வைத்துத்தான் அது திறக்கிறது, மூடுகிறது. அழுத்தம் போதாவிட்டால் திறக்காது. அல்லது திறந்தது முழுதாக மூடாமல் ஒழுகிக்கொண்டே இருக்கும். பெட்டியில் குறைந்தபட்ச அழுத்தம் என்ன போட்டிருக்கிறது என்று பாருங்கள். மெகாபாஸ்கலில் போட்டிருந்தால் பத்தால் பெருக்கினால் பார்; 0.02 மெகாபாஸ்கல் என்றால் 0.2 பார். உங்கள் டேங்க் உயரத்தோடு ஒப்பிட்டுவிட்டுக் காசைக் கொடுங்கள்.

இரண்டாவது, மோட்டார் வைத்த பால் வால்வு. உள்ளே இருக்கும் உருண்டையைச் சின்ன மோட்டார் ஒன்று திருப்பும். அழுத்தமே இல்லாவிட்டாலும் திறக்கும், மூடும். மாடித் தோட்டத்துக்கு இதுதான். ஆனால் இதில் ஒரு ஆபத்து உண்டு. சோலனாய்டு வால்வு கரண்ட் போனால் மூடிக்கொள்ளும். சாதாரண மோட்டார் வால்வோ, கரண்ட் போகும்போது எப்படி இருந்ததோ அப்படியே நிற்கும். தண்ணீர் விட்டுக்கொண்டிருக்கும்போது கரண்ட் போனால், திரும்ப வரும்வரை டேங்க் காலியாகிக்கொண்டே இருக்கும். கரண்ட் போனால் தானே மூடும் மாடல்களும் இருக்கின்றன, கேட்டு வாங்குங்கள். இல்லையென்றால் வால்வையும் வைஃபை ரவுட்டரையும் இன்வர்ட்டர் லைனில் போடுங்கள்.

மூன்றாவது, குழாய் முனையிலேயே திருகி மாட்டும் பேட்டரி டைமர். புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு என் பரிந்துரை இதுதான். ஒயர் வேலை இல்லை, எலக்ட்ரீஷியன் வேண்டாம், வாடகை வீடானால் கழற்றி எடுத்துக்கொண்டு போகலாம். இதிலும் உள்ளே பால் வால்வு வைத்தது, சவ்வு வைத்தது என இரண்டும் விற்பதால், குறைந்த அழுத்தத்தில் ஓடுமா என்று பார்த்தே வாங்கவேண்டும். பல மாடல்களில் வால்வு நேரடியாக வைஃபையில் சேராது. கூடவே வரும் ஒரு சின்ன கேட்வேயை வீட்டுக்குள் பிளக்கில் செருகவேண்டும். அது வழியாகத்தான் போனோடு பேசும். கேட்வேக்கும் வால்வுக்கும் நடுவே இரண்டு கான்கிரீட் சுவர் வந்தாலே சிக்னல் தடுமாறும்.

அமெரிக்காவில் இருக்கும் பிள்ளைகள் ஊருக்கு வரும்போது ஒரு கன்ட்ரோலர் வாங்கி வந்து தருவது இப்போது சகஜம். அன்பைத் தட்டாதீர்கள், ஆனால் பிளக்கில் செருகுவதற்கு முன் அடாப்டரில் எழுதியிருப்பதைப் படியுங்கள். 120 வோல்ட் என்று மட்டும் போட்டிருந்தால் நம் 230 வோல்ட்டில் புகைதான் வரும். அந்த ஊர் ஹோஸ் மரையும் நம் குழாய் மரையும் வேறு வேறு. எத்தனை சுற்று டெஃப்லான் டேப் சுற்றினாலும் ஒழுகும். மரையை மாற்றித் தரும் இணைப்பு கிடைத்தால் மாட்டுங்கள், இல்லையென்றால் விட்டுவிடுங்கள்.

குழாய் வேலை

வரிசை இப்படி: டேங்கிலிருந்து வரும் குழாய், கையால் மூடும் பால் வால்வு, ஃபில்டர், ஸ்மார்ட் வால்வு, அதன் பிறகு 16 மி.மீ. லேட்டரல் (டிரிப்பர்களைச் செருகும் சொட்டுக் குழாய்), கடைசியில் கழற்றக்கூடிய முனை மூடி. ஃபில்டர் 120 மெஷ் இருந்தால் போதும். அதை எக்காரணம் கொண்டும் தவிர்க்காதீர்கள். போர் தண்ணீரில் வரும் நுண்மணல் முதலில் அடைப்பது வால்வைத்தான், டிரிப்பரை அப்புறம்.

ஸ்மார்ட் வால்வைச் சுற்றி ஒரு பைபாஸும் போடச் சொல்லுங்கள். இரண்டு டீ (‘T’ வடிவக் குழாய் இணைப்பு), நடுவில் ஒரு கை வால்வு. பிளம்பர் முணுமுணுப்பார். “இன்னா சார், கேட் வால்வு ஒன்னு போட்டுக்குனா போவுது, இதுக்கு எதுக்கு ரெண்டு டீ?” என்பார். போடச் சொல்லுங்கள். பேட்டரி தீர்ந்த நாளில், நெட் இல்லாத நாளில், ஊரிலிருந்து வந்த பெரியம்மா ‘அந்த டப்பாவை எப்படித் திறக்கிறது’ என்று கேட்கிற நாளில் அந்தக் கை வால்வுதான் தோட்டத்தைக் காப்பாற்றும்.

லேட்டரல், மைக்ரோ டியூப் (அதிலிருந்து செடிக்குப் போகும் மெல்லிய குழாய்), டிரிப்பர், கிராமெட் (துளையில் ஒழுகாமல் பிடிக்கும் ரப்பர் வளையம்) இவற்றையெல்லாம் ஆன்லைனில் கிட்டாக வாங்குவதைவிட, விவசாயிகளுக்குச் சொட்டுநீர்ப் பொருள் விற்கும் கடையில் மீட்டர் கணக்கில் வாங்குவது மலிவு. குடியாத்தம், ஆரணி, அணைக்கட்டு என்று சுற்றுவட்டாரம் முழுக்க விவசாயம் நடக்கிற பகுதி இது. பின்னால் ஒரு உதிரி தேவைப்பட்டாலும் அதே கடையில் கிடைக்கும்.

செடிகளைப் பிரிப்பது

ஒரு வால்வுக்குக் கீழே வரும் செடிகளுக்கு ஆப்பில் ஜோன் என்று பெயர். இடத்தை வைத்துப் பிரிக்காதீர்கள், தாகத்தை வைத்துப் பிரியுங்கள். வாசல் பக்கம் ஒரு ஜோன், கொல்லைப் பக்கம் ஒரு ஜோன் என்று போட்டால், முருங்கையும் தொட்டி ரோஜாவும் ஒரே வால்வில் மாட்டிக்கொள்ளும். நன்றாக வேரூன்றிய முருங்கைக்கு வாரம் ஒருமுறை விட்டாலே அதிகம். தினமும் விட்டால் இலை பழுத்து உதிரும். தொட்டி ரோஜா மே மாதத்தில் ஒரு நாள்கூடத் தாங்காது.

தொட்டிகளும் க்ரோ பேக்குகளும் ஒரு ஜோன். மண்ணில் வைத்த காய்கறி இன்னொன்று. இலவம்பாடி முள் கத்தரிக்கு 2023-ல் புவிசார் குறியீடு கிடைத்த பிறகு நம் பக்கம் வீட்டுக்கு வீடு நாலு செடி வைக்கிற ஆசை வந்திருக்கிறது, அதெல்லாம் இதில் சேரும். எலுமிச்சை, கறிவேப்பிலை, கொய்யா போன்றவை மூன்றாவது. மல்லி நிறைய வைத்திருக்கிறவர்கள் அதற்குத் தனி வால்வு கொடுப்பது நல்லது. கவாத்துக்கு முன் மல்லிக்குத் தண்ணீரை நிறுத்தவேண்டிவரும். அப்போது மற்ற செடிகளும் சேர்ந்து காயக்கூடாது.

போர்டிகோவுக்குள் மழை படாமல் நிற்கும் தொட்டிகள் இருந்தால், முடிந்தால் அவற்றையும் பிரித்துவிடுங்கள். ஏன் என்று மழைப் பகுதியில் சொல்கிறேன். ஒரே வால்வுதான் இருக்கிறது என்கிறவர்கள், அதிகத் தண்ணீர் கேட்கும் செடிக்கு இரண்டு டிரிப்பர், குறைவாகக் கேட்பதற்கு ஒன்று என்று சமாளிக்கலாம். முருங்கையை மட்டும் லைனிலிருந்து கழற்றிவிடுங்கள்.

இப்போது ஆப்

வால்வை மாட்டுவதற்கு முன், வீட்டுக்குள் மேசைமேல் வைத்து ஆப்பில் சேர்த்துவிடுங்கள். வெயிலில் ஏணிமேல் நின்றுகொண்டு பாஸ்வேர்டு அடிப்பது வேண்டாத வேலை. சந்தையில் கிடைக்கும் பல டைமர்கள் ஸ்மார்ட் லைஃப், துயா ஆப்களில் சேருபவை. மற்ற நிறுவனங்களின் ஆப்பிலும் முறை ஏறக்குறைய இதேதான்.

1. இந்தக் கருவிகள் பெரும்பாலும் 2.4 கிகாஹெர்ட்ஸ் வைஃபையை மட்டுமே பிடிக்கும். உங்கள் ரவுட்டரில் 2.4, 5 இரண்டும் ஒரே பெயரில் இருந்தால் இணைப்பு அடிக்கடி தோற்கும். ரவுட்டர் அமைப்பில் போய் இரண்டுக்கும் தனித்தனிப் பெயர் வையுங்கள், அல்லது 2.4-ல் ஒரு கெஸ்ட் நெட்வொர்க் திறங்கள். போனையும் அதில் சேருங்கள்.

2. ஆப்பில் கணக்கு தொடங்கும்போது நாடு இந்தியா என்று இருக்கிறதா பாருங்கள். பிறகு இதை மாற்றினால் கருவியை முதலிலிருந்து சேர்க்கவேண்டிவரும்.

3. கருவியின் பொத்தானை விளக்கு வேகமாகச் சிமிட்டும்வரை அழுத்திப் பிடியுங்கள். ஆப்பில் கூட்டல் குறியைத் தொட்டுக் கருவியைச் சேருங்கள். கேட்வே உள்ள மாடலில் முதலில் கேட்வே, அதற்குள் வால்வு.

4. வீட்டின் இடத்தை மேப்பில் நீங்களே குத்துங்கள். நெட் இணைப்பை வைத்து ஆப் தானாக ஊகித்தால் சென்னை என்று எடுத்துக்கொள்ள வாய்ப்பு அதிகம். வடகிழக்குப் பருவமழையில் சென்னையில் கொட்டுகிற நாளில் சத்துவாச்சாரியில் சுள்ளென்று வெயில் அடிக்கும். ஆப் மழை என்று நம்பித் தண்ணீரை நிறுத்திவிடும். நேர மண்டலத்தில் கொல்கத்தா என்று இருக்கவேண்டும்.

5. வால்வை இடத்தில் மாட்டி, போனிலிருந்து 5 நிமிடம் திறந்து பாருங்கள். இந்த முதல் ஓட்டத்தைக் கட்டிலில் படுத்துக்கொண்டு செய்யாதீர்கள். பக்கத்தில் நில்லுங்கள். மோட்டார் வால்வு மெல்ல உறுமித் திரும்பும். சோலனாய்டு ‘டக்’ என்று ஒரு சத்தம் போடும். மூடிய பிறகும் லேட்டரலில் மிச்சமிருக்கும் தண்ணீர் கொஞ்ச நேரம் சொட்டும், அது இயல்பு. கால் மணி நேரம் கழித்தும் நிற்காமல் சொட்டினால் வால்வு மூடவில்லை.

6. அடுத்து, கொஞ்ச நேரத்தில் தொடங்கும்படி ஒரு சோதனை அட்டவணை போட்டு, ரவுட்டரை அணைத்துவிட்டு அது ஓடுகிறதா என்று பாருங்கள். சில கருவிகளில் அட்டவணை கருவிக்குள்ளேயே பதிவாகும்; நெட் இல்லாவிட்டாலும் ஓடும். சிலவற்றில் எங்கோ இருக்கும் சர்வரிலிருந்துதான் கட்டளை வரவேண்டும். அப்படிப்பட்டது என்றால் அதை நம்பி ஒரு வாரம் ஊருக்குப் போகாதீர்கள்.

அட்டவணை போடும்போது நேரம் காலை 5 மணி என்று வையுங்கள். காற்று குறைவு, வெயில் இல்லை, வீட்டில் யாரும் குழாயைத் திறந்திருக்க மாட்டார்கள். மின்வாரியத்தின் மாதாந்திரப் பராமரிப்பும் பொதுவாகக் காலை 9 மணிக்கு மேல்தான். முந்தின ராத்திரியே டேங்க் நிரம்பியிருக்கும்படி பார்த்துக்கொள்ளுங்கள்.

எத்தனை நிமிடம்? அளந்து எழுதிய எண்ணை இப்போது எடுங்கள். க்ரோ பேக்கில் இருக்கும் கத்தரிக்கு மே மாதத்தில் நாளுக்கு ஒன்றரை முதல் 2 லிட்டர் தேவைப்படும். டிரிப்பர் மணிக்கு 2 லிட்டர் விடுகிறது என்றால் மொத்தம் ஒரு மணி நேரம். அதை ஒரே மூச்சில் விடாமல், காலை 5 மணிக்கு 35 நிமிடம், மாலை 5 மணிக்கு 25 நிமிடம் என்று உடைத்தால் பையின் அடியில் வழிந்து வீணாகாது. இப்படி 20 பை இருந்தால் நாளுக்கு 40 லிட்டர். 1000 லிட்டர் டேங்கில் இது பெரிய விஷயமில்லை. மண்ணில் இருக்கும் செடிகளுக்கு இதற்கு நேர்மாறாக, நாள் விட்டு நாள் நிதானமாக அதிக நேரம் விடுங்கள். வேர் கீழே இறங்கும். புல்தரை வைத்தே தீருவேன் என்கிறவர்களுக்கு ஒரு கணக்கு: கோடையில் ஒரு நாளில் சுமார் 6 மி.மீ. தண்ணீர் ஆவியாகப் போகும். ஒரு சதுர மீட்டருக்கு 1 மி.மீ. என்பது 1 லிட்டர். 20 சதுர மீட்டர் புல்லுக்குத் தினமும் 120 லிட்டர்.

பல ஜோன் உள்ள கன்ட்ரோலர் வாங்கியவர்கள் கிட்டத்தட்ட எல்லோரும் ஒருமுறை மாட்டிக்கொள்ளும் இடம் ஒன்று இருக்கிறது. அதில் ‘தொடக்க நேரம்’ என்பது ஒரு ஜோனுக்கானது அல்ல, முழுத் திட்டத்துக்கானது. 5 மணி என்று ஒரே ஒரு நேரம் போட்டால் போதும். முதல் ஜோன் முடிந்ததும் இரண்டாவது, அப்புறம் மூன்றாவது என்று தானே போகும். 4 ஜோனுக்கும் தனித்தனியாக 4 தொடக்க நேரம் போட்டால், ஒவ்வொரு ஜோனும் நாளுக்கு 4 முறை ஓடும். டேங்க் ஏன் காலியாகிறது என்று தெரியாமல் மோட்டார் போட்டுப் போட்டுக் கரண்ட் பில் ஏறும்.

இன்னொரு அமைப்பு, ‘அதிகபட்ச நேரம்’ அல்லது ‘கவுன்ட்டவுன்’ என்று இருக்கும். போனில் கையால் திறந்துவிட்டு மறந்துபோனாலும் அந்த நேரத்தில் தானே மூடிவிடும். அதை ஒரு மணி நேரத்துக்கு வைத்துவிடுங்கள்.

மழையை ஆப்பிடம் எவ்வளவு நம்பலாம்?

‘மழை பெய்தால் நிறுத்து’ என்ற வசதிதான் இந்த ஆப்களின் பெருமை. அதில் இரண்டு விதம் உண்டு. மழை வரும் என்ற முன்னறிவிப்பைப் பார்த்து நிறுத்துவது ஒன்று, பெய்து முடிந்த அளவைப் பார்த்து நிறுத்துவது இன்னொன்று. ஏப்ரல், மே மாதங்களில் முதலாவதை அணைத்து வையுங்கள். ஜவ்வாது மலைப் பக்கம் கறுத்துக்கொண்டு வரும், இடிக்கும், காற்றடிக்கும், காட்பாடியில் மண்வாசனை மட்டும் வீசிவிட்டுப் போய்விடும். முன்னறிவிப்பை நம்பி ஆப் மூன்று நாள் தண்ணீர் விடாமல் இருந்தால் தொட்டிச் செடி பிழைக்காது. பெய்த அளவு எத்தனை மி.மீ. இருந்தால் நிறுத்த என்று கேட்டால் 5 அல்லது 6 போடுங்கள். அதற்குக் கீழே பெய்தது இலையைக் கழுவியதோடு சரி.

பெய்த அளவு என்பதும் பெரும்பாலும் கணிப்புதான், உங்கள் மாடியில் அளந்தது அல்ல. கோடை மழை ஒரு தெருவில் பெய்து அடுத்த தெருவை விட்டுவிடும். கன்ட்ரோலரில் மழை சென்சார் மாட்டும் வசதி இருந்தால், உங்கள் வீட்டு மழையையே அது பார்க்கும். இல்லாவிட்டால் ஆப்பில் உள்ள ‘24 மணி நேரம் தள்ளிப்போடு’, ‘48 மணி நேரம் தள்ளிப்போடு’ பொத்தான்களே போதும். நல்ல மழை பெய்த ராத்திரி படுக்கப் போகுமுன் ஒரு தட்டு.

போர்டிகோ தொட்டிகளைப் பிரிக்கச் சொன்னது இதற்காகத்தான். வெளியே எவ்வளவு கொட்டினாலும் அவற்றுக்கு ஒரு சொட்டும் சேராது. அந்த ஜோனுக்கு மழை நிறுத்தத்தை எடுத்துவிடுங்கள்.

மாதத்துக்கு மாதம் நிமிடங்களை மாற்ற, பல ஆப்களில் ‘பருவ அளவு’ என்று ஒரு சதவீதம் இருக்கும். மே மாதத்தை 100 என்று வைத்துக்கொள்ளுங்கள். ஜூன் முதல் செப்டம்பர்வரை, சாயங்கால மழை வரும் போகும், 80. வடகிழக்குப் பருவமழை பெய்யும் அக்டோபர் முதல் டிசம்பர்வரை 50. ஜனவரி, பிப்ரவரியில் 65. மார்ச்சில் வெயில் ஏறத் தொடங்கியதும் 85. இது தொடக்கத்துக்கான கணக்குதான். இரண்டு அங்குலம் மண்ணுக்குள் விரலை விட்டுப் பாருங்கள். ஈரமாக விரலில் ஒட்டினால் 10 சதவீதம் குறையுங்கள், தூளாக உதிர்ந்தால் கூட்டுங்கள்.

மண்ணின் மேல் வேர்க்கடலைத் தொலியையோ கரும்புத் தோகையையோ இரண்டு விரல் கனத்துக்குப் பரப்பி மூடாக்குப் போட்டால் இந்த நிமிடங்கள் இன்னும் குறையும். கடலை விளைகிற சீமையில் தொலிக்குப் பஞ்சமில்லை.

உப்பும் மற்ற பராமரிப்பும்

நம் போர் தண்ணீரின் உண்மையான சோதனை சில மாதம் கழித்துத்தான் தெரியும். டிரிப்பரின் வாயில் முதலில் வெள்ளையாக ஒரு வளையம் வரும். பிறகு அது கெட்டியாகி, துளையைச் சுற்றிச் சுண்ணாம்பு அப்பியது போல ஆகிவிடும். நகத்தால் சுரண்டினால் மாவாக உதிரும். உள்ளே படிந்தது உதிராது. ஆப்பில் எல்லாம் பச்சையாக, ‘தண்ணீர் விட்டாகிவிட்டது’ என்றே காட்டிக்கொண்டிருக்கும். வால்வு திறந்தது ஆப்புக்குத் தெரியும், டிரிப்பரிலிருந்து வெளியே வந்ததா என்பது தெரியாது. அதனால் வாரம் ஒருமுறை தண்ணீர் ஓடும் நேரத்தில் தோட்டத்தை ஒரு சுற்று சுற்றி வாருங்கள்.

அடைத்த டிரிப்பர்களைக் கழற்றி ஒரு ராத்திரி வினிகரில் ஊறவைத்துக் கழுவினால் பெரும்பாலும் திறந்துகொள்ளும். இல்லையென்றால் புதிதாக மாட்டுங்கள், விலை பெரிதில்லை. இரண்டு வாரத்துக்கு ஒருமுறை லேட்டரலின் முனை மூடியைக் கழற்றி, தெளிந்த தண்ணீர் வரும்வரை விடுங்கள். ஃபில்டர் வலையையும் அப்போதே கழுவிவிடலாம்.

தொட்டிகளில் உப்பு மண்ணுக்குள்ளேயும் சேரும். தினமும் அளந்து அளந்து கொஞ்சமாக விடும்போது தண்ணீர் ஆவியாகிப் போகும், உப்பு மட்டும் தங்கும். இலை ஓரம் கருகுவதற்கு வெயிலைக் குறை சொல்வோம். பல சமயம் காரணம் உப்பு. மாதம் ஒருமுறை தொட்டி ஜோனை வழக்கத்தைப் போல மூன்று மடங்கு நேரம் ஓடவிட்டு, அடியில் நன்றாக வழிய விடுங்கள். ஆப்பில் இதற்கென்று தனியாக ஒரு மாதாந்திர அட்டவணை போட்டுவிடலாம். அன்றைக்குத் தொட்டிக்குக் கீழே உள்ள தட்டுகளை எடுத்துவிடவேண்டும். வழிந்த தண்ணீர் தட்டில் ஒரு வாரம் நின்றால் டெங்குக் கொசு அதில்தான் முட்டையிடும்.

பேட்டரி டைமர் என்றால், ஆப் பேட்டரி குறைவு என்று சொல்லும்வரை காத்திருக்காதீர்கள். கடும் வெயிலில் இருக்கும் டப்பாவில் அது திடீரென்று கீழே இறங்கும். பங்குனி பிறந்ததும் ஒருமுறை, மழைக்காலம் முடிந்ததும் ஒருமுறை புதிது போடுங்கள். பேட்டரி மூடியின் ரப்பர் வாசர் ஒழுங்காக உட்கார்ந்திருக்கிறதா என்றும் அப்போதே பார்த்துவிடுங்கள். டப்பாவின் மேல் வெயில் நேராக அடிக்காமல் ஒரு ஓட்டுத் துண்டையோ கவிழ்த்த பிளாஸ்டிக் டப்பாவையோ மாட்டினால் நீண்ட நாள் வரும்.

கல்யாணத்துக்கோ திருப்பதிக்கோ ஊர்விட்டுப் போகிறீர்கள் என்றால், இரண்டு நாள் முன்பே அட்டவணை தானாக ஓடுவதைக் கண்ணால் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள். டேங்க் தானாக நிரம்ப வாட்டர் லெவல் கன்ட்ரோலர் இருக்கிறதா? இல்லையென்றால் ஒரு டேங்க் எத்தனை நாள் வரும் என்று கணக்குப் பாருங்கள். ஆப்பில் ‘பகிர்’ என்ற இடத்தில் வீட்டில் இன்னொருவரின் எண்ணையும் சேர்த்துவிடலாம். பக்கத்து வீட்டுக்காரருக்கு ஆப் வேண்டாம். பைபாஸ் வால்வு எங்கே இருக்கிறது, எந்தப் பக்கம் திருப்பினால் மூடும் என்று மட்டும் காட்டிவிட்டுப் போங்கள்.